காலையில் கார் ஸ்டார்ட் செய்யும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. செல்ஃப் மோட்டாரையே மாற்றிவிடலாமா?

மாற்றலாம், ஆனால் சத்தம் போய்விடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஏற்காட்டில் வைத்திருக்கும் என் பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் காருக்கு இதே தொல்லை வந்தபோது, சேலத்தில் ஒரு பட்டறையில் சொன்னதை நம்பிப் புதிய மோட்டாரைப் போட்டுவிட்டு, பத்தாம் நாள் காலையில் ஒண்டிக்கடை அருகே அதே கரகரப்பை மறுபடியும் கேட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சத்தத்தை முதலில் காதால் பிரித்துக்கொள்ளுங்கள். 'டக் டக் டக்' என்று விடாமல் தட்டினால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கும். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியைச் சோதியுங்கள். மலைக் குளிரில் இந்தக் குறை சீக்கிரமே வெளிப்படும். மோட்டார் மட்டும் 'ஒய்ங்' என்று சுற்றி இன்ஜின் அசையாவிட்டால், பெண்டிக்ஸின் (மோட்டாரின் முனையில் முன்னே வந்து இன்ஜினைக் கவ்விச் சுற்றும் பாகம்) ஒருவழிக் கிளட்ச் வழுக்கக்கூடும்.

நீங்கள் சொல்லும் கரகரப்பு, மோட்டாரின் பினியன் என்ற சிறிய பல்சக்கரம், இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தைச் சுற்றியுள்ள ரிங் கியர் என்ற பல் வளையத்தைச் சரியாகக் கவ்வாததால் வருவது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சத்தம் ஒவ்வொரு முறையும் வருகிறதா, சில முறை மட்டுமா? நான்கு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது, ஏதோ ஒரு சிலிண்டரின் அழுத்தம் எதிர்த்துத் தள்ளுவதால், ஏறக்குறைய எதிரெதிரான இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் வந்து நிற்கும். எனவே பினியன் ஆண்டுக்கணக்கில் அதே இரண்டு இடங்களில் உள்ள பற்களையே இடித்துத் தேய்க்கிறது. என் காரில் நான்கு முறைக்கு ஒரு முறைதான் சத்தம் வந்தது. அதன் பொருள் அப்போது எனக்குப் புரியவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன், பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிய பிறகே மோட்டாரை இறக்கினார். (இதை நீங்களும் மறக்கக் கூடாது, மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும்.) பிறகு மோட்டார் இருந்த துளைக்குள் டார்ச் அடித்து, இன்ஜினைச் சுற்றவைக்கும் கிராங்க் புல்லி நட்டை ஸ்பேனரால் மெல்லத் திருப்பிக்கொண்டே, "தம்பி, இங்க பாருங்க" என்றார். ரிங் கியரின் நல்ல பற்கள் வரிசையாக நகர்ந்து போயின. திடீரென்று ஏழெட்டுப் பற்கள் ஓரம் மழுங்கி வெள்ளிபோல் பளபளத்தன. அரைச் சுற்று கழித்து மறுபடியும் அதே காட்சி.

மோட்டாரைக் கழற்றாமலும் ஓரளவு ஊகிக்கலாம். கியர் மாற்றி ஓட்டும் வண்டியாக இருந்தால், கரகரத்த உடனே சாவியை அணைத்து, சமதரையில் டாப் கியரில் போட்டுக் கொஞ்சம் தள்ளுங்கள். பிறகு நியூட்ரலில் செல்ஃப் அடியுங்கள். சுத்தமாக எடுத்தால் சந்தேகம் ரிங் கியர்மீது. எங்கே நின்றாலும் கரகரத்தால் பினியன், அதை முன்னே தள்ளும் சோலினாய்டு, மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ், மோட்டாரின் போல்ட்டு இறுக்கம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்டிக்ஸைப் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவ மட்டும் விடாதீர்கள். உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்துவிடும்.

ஏற்காட்டில் எங்கும் சரிவு இருப்பதால் வண்டியை உருட்டி ஸ்டார்ட் செய்தே மூன்று மாதம் தள்ளினேன், அது சோம்பேறித்தனம்தான். ரிங் கியரை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கி, புதிய வளையத்தைச் சூடாக்கி ஃப்ளைவீலில் ஏற்ற வேண்டும். வேலை பெரியது, கூலியும் அதிகம். கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள், இறக்குகூலி ஒன்றுதான்.