1978 ஸ்பைடர்மேன் காமிக்ஸ் இதழ்களில் வரும் வில்லன் பச்சை காப்ளின் யார்?

176ஆம் இதழிலிருந்து அந்த முகமூடிக்குள் இருப்பது பார்ட் ஹாமில்டன். ஹாரி ஆஸ்போர்னுக்கு வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர். முதல் காப்ளினும் ஹாரியின் அப்பாவுமான நார்மன் 1973லேயே இறந்த பிறகு 1978ல் காப்ளின் எப்படி வந்தான் என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். நார்மனும் இல்லை, ஹாரியும் இல்லை.

உங்களுக்குக் குழப்பம் வந்ததற்குக் காரணம், நடுவில் சில இதழ்களைப் படிக்காமல் தாண்டியதாக இருக்கலாம். அமேசிங் ஸ்பைடர்மேன் 122ல் நார்மன், தான் ஏறிப் பறக்கும் கிளைடர் குத்தியே சாகிறான். 136ல், 1974ல், மகன் ஹாரி அதே உடையைப் போடுகிறான். பிடிபட்ட பிறகு அவன் சிகிச்சைக்குப் போன இடம்தான் ஹாமில்டனிடம். நோயாளி நம்பிச் சொன்ன ரகசியத்தை மருத்துவரே திருடுகிறார். காப்ளின் கதைகளிலேயே எனக்கு மிகவும் கசப்பான துரோகம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சரிபார்க்க 180ஐ எடுங்கள். இரண்டு காப்ளின்கள் நேருக்கு நேர் மோதுவார்கள். ஒருவன் ஹாரி, இந்த முறை நல்லவன் பக்கம். மற்றவர் ஹாமில்டன், தன் குண்டாலேயே முடிந்துபோவார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1996ல் நார்மன் சாகவே இல்லை என்று கதையை மாற்றிவிட்டார்கள். அதற்குப் பின் வந்த இதழ்களை வைத்து 1978ஐக் கணக்குப் போட்டால் மறுபடியும் குழம்பும். அப்புறம், ஆரஞ்சு முக்காடு போட்டவன் ஹாப்காப்ளின். அவன் 1983ல் வந்த வேறு ஆள், இந்த வரிசையில் சேர்க்காதீர்கள்.