முதல் வரிசை நாற்காலி, முகத்தில் அரைக் கிலோ

கேள்வி: கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நேரலை ஆட்டம் பார்த்தால் மைதானத்திலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்கிறார்கள். நான் கிரிக்கெட் பைத்தியம். வாங்கலாமா?
– பவுண்டரிக் கோட்டு ரசிகர்

பதில்: கூடைப்பந்துப் பைத்தியம் என்று எழுதியிருந்தால் உடனே சரி என்றிருப்பேன். கிரிக்கெட் என்கிறீர்களே, அதுதான் சிக்கல்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம், பயப்படாதீர்கள், பள்ளிக்கூடக் கணக்குதான். நல்ல பார்வையுள்ள கண், பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரிக்குள் சுமார் 60 புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும். மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட் தருவது சுமார் 25. கிரிக்கெட் பந்தின் குறுக்களவு 7 சென்டிமீட்டர் சொச்சம். பவுண்டரிக்கு வெளியே வைத்த கேமராவிலிருந்து பிட்ச் 70 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பந்து உங்கள் கண் முன்னே ஒன்றரைப் புள்ளி. அது ஸ்விங் ஆனதா, மட்டை விளிம்பில் உரசியதா என்றெல்லாம் கேட்கவே வேண்டாம். கூடைப்பந்துக்கு இதே கணக்கைப் போடுங்கள்: 24 சென்டிமீட்டர் பந்து, 10 மீட்டர் தூரம், முப்பதுக்கு மேல் புள்ளிகள் கிடைக்கின்றன. தையல் தெரியாவிட்டாலும் பந்து பந்தாகத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் இரண்டு கண்களுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி. முப்பரிமாணம் காட்டும் கேமராக்களிலும் இரண்டு லென்ஸ்களை ஏறத்தாழ அதே இடைவெளியில்தான் வைக்கிறார்கள். கை நீட்டினால் தொடலாம் என்கிற அந்த ஆழம் பக்கத்தில் இருப்பவற்றுக்குத்தான் கிடைக்கும். 70 மீட்டருக்கு அப்பால் இரு கண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே படம். பளபளப்பான ஹெட்செட்டுக்குள் தட்டையான கிரிக்கெட்! கூடைப்பந்து மைதானமோ மொத்தமே 28 மீட்டருக்கு 15 மீட்டர், குத்துச்சண்டை மேடை அதைவிடச் சிறியது. கோட்டை ஒட்டிக் கேமராவை வைத்தால் ஆட்டக்காரர் உங்கள் மடியில் வந்து விழப்போகிறார் என்று உடம்பு நிஜமாகவே பின்னால் சாயும், எனக்குச் சாய்ந்தது. 2015 அக்டோபர் 27 அன்று நெக்ஸ்ட்விஆர் நிறுவனம் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. பருவத்தின் தொடக்க நாளில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் ஆட்டத்தை வி.ஆரில் நேரலையாகக் காட்டியது. இந்த வேலைக்குக் கூடைப்பந்தைவிடத் தோதான ஆட்டம் கிடைப்பது கஷ்டம்.

மைதானத்துக்கு நேரில் போகிறவருக்கும் பந்து தெரிவதில்லையே, பெரிய திரையைத்தானே பார்க்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அதனால்தான் பல செயலிகளில் டிவி ஒளிபரப்பையே கண் முன் பெரிய திரையாக விரித்துக் காட்டுகிறார்கள். கிரிக்கெட்டுக்கு இப்போதைக்கு அந்த வழிதான் பார்க்கும்படி இருக்கும். ஆனால் அதற்குப் பெயர் பெரிய டிவி.

கேள்வி: நண்பரின் ஹெட்செட்டில் ஒரு ஆட்டம் பார்த்தேன், பத்தே நிமிடத்தில் குமட்டிக்கொண்டு வந்தது. எனக்கு மட்டும்தான் இப்படியா?
– எலுமிச்சம்பழத்தோடு ஒருவர்

பதில்: இல்லை. நகர்கிறாய் என்று கண் சொல்லும், இல்லை அசையாமல்தான் உட்கார்ந்திருக்கிறாய் என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்லும், இரண்டும் சண்டை போட்டால் வயிறு கலங்கும். பேருந்தில் புத்தகம் படிப்பவருக்கு நடப்பதன் தலைகீழ் வடிவம் இது. அதனால் ஒரே இடத்தில் நிற்கும் கேமரா ஒளிபரப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கயிற்றில் பறக்கும் கேமராவும் ஆட்டக்காரரோடு ஓடும் கேமராவும் டிவியில் அழகு, ஹெட்செட்டில் தண்டனை. கேமராவைச் சடார் சடாரென்று மாற்றினாலும் கஷ்டம்தான், எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று புரிவதற்குள் எதிர்ப்பக்கம் தூக்கிப் போட்டுவிடுவார்கள். முதல் சில நாட்கள் பத்துப் பத்து நிமிடமாகப் பழகிப் பாருங்கள். குமட்டல் வந்ததும் கழற்றிவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தால் அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக வரும்.

கேள்வி: அப்பா ஒரு காலத்தில் கால்பந்து ஆடியவர். இப்போது படுக்கையோடு இருக்கிறார். இதை வாங்கிக் கொடுத்தால் சந்தோஷப்படுவாரா, ஏக்கம்தான் கூடுமா?
– ஒரு மகள்

பதில்: இதை அவரிடமே கேளுங்கள் அம்மா, ஆச்சரியப்படுத்துகிறேன் என்று திடீரென்று முகத்தில் மாட்டிவிடாதீர்கள். மருத்துவரிடமும் ஒரு வார்த்தை, முக்கியமாக வலிப்பு, தலைசுற்றல், கழுத்து வலி ஏதாவது இருந்தால். குவெஸ்ட் 3-இன் எடை 515 கிராம். தலையணையில் சாய்ந்திருப்பவருக்கு ஹெட்செட்டின் பின்பட்டை உறுத்தும், அவருக்குப் பழக்கமான நிலையில் வைத்து முதலில் பாருங்கள். படுத்தபடி பார்த்தால் மைதானம் கூரையில் தெரியுமா, சுவரில் தெரியுமா என்பது கருவியைப் பொறுத்தது, அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள். பேட்டரி சுமார் இரண்டு மணி நேரம் தாங்கும், இடைவேளையோடு சேர்த்து ஒரு கால்பந்து ஆட்டத்துக்குப் போதும், கூடுதல் நேரம் போனால் ஒயரைச் செருகத் தயாராக இருங்கள்.

கோலுக்குப் பின்னால் வைத்த கேமரா கிடைத்தால் அதைத்தான் முதலில் காட்டுவேன். டிவி, பந்து போகும் இடத்தைத்தான் காட்டும். ஆடியவர்களின் கண்ணோ பந்து இல்லாத இடத்தில் யார் ஓடுகிறார்கள் என்று தேடும், அதைப் பார்க்க இங்கே அவருக்கு இயக்குநரின் தயவு தேவையில்லை, தலையைத் திருப்பினால் போதும். அவர் பார்ப்பதையே உங்கள் போனிலோ டிவியிலோ காட்டும் வசதியும் உண்டு, அதைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். இல்லையென்றால் அறையில் இருவர் இருந்தும் அவர் தனியாகத்தான் இருப்பார்.

கேள்வி: இதுவும் 3டி டிவி போல நாலு நாள் கூத்துதானே?
– நம்பாதவர்

பதில்: சந்தேகம் நியாயமானது. அமெரிக்க விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈ.எஸ்.பி.என். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தோடு 3டி அலைவரிசையைத் தொடங்கி 2013-இல் மூடியது. வி.ஆரிலும் நிறைய பேர் வந்து போயிருக்கிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கை அமெரிக்காவில் என்.பி.சி. தொலைக்காட்சி சுமார் 85 மணி நேரம் வி.ஆரில் தந்தது, ஆனால் போட்டிகள் ஒரு நாள் தாமதமாக. நேற்றைய ஓட்டப்பந்தயத்தை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது? 2018-இல் பி.பி.சி. உலகக் கோப்பைக் கால்பந்தின் 33 ஆட்டங்களை வி.ஆரில் நேரலையாகவே காட்டியது. நெக்ஸ்ட்விஆரை 2020-இல் ஆப்பிள் வாங்கியது. அதே ஆப்பிள் 2024-இல் விஷன் புரோ என்கிற ஹெட்செட்டைக் கொண்டுவந்தது, 3,499 டாலர். அந்த விலையில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உனக்கும் ஒன்று எடுத்துக்கொள் என்று சொல்ல முடியாது, 3டி டிவியைக் கவிழ்த்ததும் ஆளுக்கொரு கண்ணாடி என்கிற இதே தொல்லைதான். கூடைப்பந்துக்கும் குத்துச்சண்டைக்கும் ரசிகர்கள் சேர்வார்கள், நிலைக்கும் என்று நினைக்கிறேன். கூடத்து டிவியை அது அசைக்காது.

கேள்வி: நான் ஹெட்செட்டில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் வெடி வெடிக்கிறது, கோல் எனக்கு அப்புறம்தான் விழுகிறது. ஏன்?
– காதைப் பொத்திக்கொண்டவர்

பதில்: பல லென்ஸ் படங்களை ஒட்டி, சுருக்கி, துண்டு துண்டாக இணையத்தில் அனுப்பி, உங்கள் கருவி அதைச் சேர்த்துப் பிரித்துக் காட்டுவதற்குள் டிவிக்காரர் கொண்டாடி முடித்திருப்பார். இப்போதைக்கு ஜன்னலைச் சாத்துங்கள், போனையும் அணைத்துவிடுங்கள்.