புறநகரில் குடியேறுவோர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வேலை நிமித்தம் வளர்ந்துவரும் நகரங்களுக்கு இடம்பெயர்வோர் எழுதியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அடுத்த மாதம் புதிய நகரத்துக்கு மாற்றலாகிறேன். எந்தப் புறநகர்ப் பகுதி நல்லது?

அலுவலகம் நகரின் எந்தத் திசையில் இருக்கிறது, வீட்டில் எத்தனை பேர், பள்ளி செல்லும் பிள்ளைகள் உண்டா, சொந்த வாகனம் உண்டா என்ற நான்கில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. நோயைச் சொல்லாமல் மருந்து கேட்டால் மருத்துவர் என்ன செய்வார்? விவரங்களோடு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: ரயில் நிலையத்திலிருந்து "10 நிமிட நடை" என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

சாதாரணமாக நடப்பவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 மீட்டர் கடப்பார். ஆகவே 10 நிமிடம் என்றால் 800 மீட்டர். விளம்பரக்காரர்கள் அந்த 800 மீட்டரைப் பெரும்பாலும் வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்கிறார்கள். நாமோ தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். நான் ஒருமுறை, மாடியில் நின்றால் நடைமேடையின் கடிகாரத்தில் மணி பார்க்கக்கூடிய அளவுக்கு நிலையத்துக்கு அருகில் வீடு எடுத்தேன். நிலையத்தின் வாயில் தண்டவாளத்துக்கு மறுபுறம் இருந்தது. மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக 20 நிமிடம் ஆயிற்று. ரயில் வந்து நிற்பதையும் புறப்படுவதையும் வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் கண்ட பலன். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை நடந்து பாருங்கள், கையில் பையோடு.

கேள்வி: நாங்கள் பார்த்த புறநகரிலிருந்து அலுவலகம் 22 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்த்தோம், 35 நிமிடம்தான் ஆனது. சாலையையும் அகலப்படுத்தப் போகிறார்கள். அங்கேயே வீடு வாங்கிவிடலாம் அல்லவா?

இந்தப் பகுதியை எழுதத் தொடங்கிய நாள்முதல் நான் சலிக்காமல் சொல்லிவருவது, தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை அளக்கவே அளக்காதீர்கள் என்பது. ஞாயிறு காலையில் எந்த ஊரின் சாலையும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகப் போவதில்லை. ஒரு செவ்வாயோ புதனோ, பள்ளிகள் நடக்கும் பருவத்தில், நீங்கள் உண்மையாகவே புறப்படவேண்டிய நேரத்தில் புறப்பட்டுப் போங்கள். மாலையில் அதே வழியில் திரும்பியும் வாருங்கள். 35 நிமிடம் 75 நிமிடமாகும் சாலைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அப்படி ஆனால் ஒரு வழிக்கு 40 நிமிடம் கூடுதல், நாளொன்றுக்கு 80 நிமிடம். ஆண்டில் 230 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் சுமார் 300 மணி நேரம், அதாவது எட்டு மணி நேர வேலைநாட்களில் ஏறத்தாழ 38. சம்பளமில்லாமல் ஒரு மாதத்துக்கும் மேலாக உழைத்த கணக்கு இது.

இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994-இல், யாகோவ் சகாவியின் முந்தைய ஆய்வுகளை ஆதாரமாகக் கொண்டு, மனிதர்கள் பயணத்துக்கு ஒதுக்கும் நேரம் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது என்றும், வாகனத்தின் வேகம் கூடும்போது நேரம் மிச்சமாவதில்லை, ஊர்தான் விரிகிறது என்றும் எழுதினார். போகவர ஒரு மணி நேரம் என்பதை எல்லையாக வைத்துக்கொள்வது பழுதில்லை. பெரிய வீடு கிடைக்கிறதே, பழகிவிடும் என்று சொல்வோருக்கு இன்னொன்று: ஜெர்மானியக் குடும்பங்களின் தரவுகளை ஆராய்ந்து 2004-இல் எழுதிய அலோயிஸ் ஸ்டுட்சர், புரூனோ ஃப்ரை என்ற பொருளியலாளர்கள், நெடுநேரம் பயணிப்போர் தங்கள் வாழ்க்கையில் குறைவான நிறைவையே காண்கிறார்கள் என்றும், நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ அந்த இழப்பை முழுதாக ஈடுசெய்வதில்லை என்றும் கண்டார்கள்.

சாலை அகலமாகப் போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உச்ச நேர நெரிசல், சாலையின் கொள்ளளவு எவ்வளவோ அவ்வளவுக்குப் பெருகிவிடும் என்று பொருளியலாளர் அந்தோனி டவுன்ஸ் 1962-இலேயே எழுதிவிட்டார். 2011-இல் டுரான்டன், டர்னர் என்ற பொருளியலாளர்கள் அமெரிக்கப் பெருநகரங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, நெடுஞ்சாலைத் தடங்கள் எந்த விகிதத்தில் கூடினவோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடியிருந்தது. சாலை அகலமானதும் அதே காரணத்துக்காக உங்களுக்கு அப்பால் இன்னும் ஆயிரம் வீடுகள் எழும்பும். அவர்களும் அதே சாலையில்தான் வருவார்கள். விரிவாக்கத்தை நம்பி வீடு வாங்குவோர் கட்டுமானத்தின்போது புழுதியையும் அதன் பிறகு பழைய நெரிசலையும் அனுபவிக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. சராசரி நேரத்தைக் கேட்காதீர்கள், மோசமான நாளின் நேரத்தைக் கேளுங்கள். சராசரி 50 நிமிடமாகவும் மாதத்தில் நான்கு நாள் 100 நிமிடமாகவும் இருக்கிற சாலையில், அந்த நான்கு நாளுக்குப் பயந்து நீங்கள் எல்லா நாளும் முன்கூட்டியே கிளம்ப வேண்டியிருக்கும். அகலமான சாலையைவிட, மாற்று வழி ஒன்றும் ரயில் ஒன்றும் உள்ள குறுகலான பகுதியே மேல்.

கேள்வி: நாங்கள் பார்த்த பகுதியில் 8 ஆண்டுகளுக்கு முன் "நூறாண்டு வெள்ளம்" வந்ததாம். இனி நம் காலத்தில் வராது என்கிறார் தரகர்.

தரகருக்கு நூறாண்டு வெள்ளம் என்றால் என்னவென்று தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார். எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்பு உள்ள வெள்ளம் என்பதே அதன் பொருள். சென்ற ஆண்டு வந்ததால் இந்த ஆண்டு விடுமுறை எடுத்துக்கொள்ளாது. 30 ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 26 விழுக்காடு, அதாவது நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகம். அதுவும் பழைய கணக்கு. மேட்டுப்பகுதியில் மண்ணாக இருந்த இடமெல்லாம் கான்கிரீட்டும் கூரையுமாக மாறும்போது மழைநீர் ஊறாமல் மொத்தமாகப் பள்ளத்தை நோக்கி ஓடிவருகிறது. வளரும் நகரத்தின் புறநகரில் இதுதான் ஆண்டுதோறும் நடப்பது.

ஆவணங்களைப் பார்ப்பதோடு சுவர்களையும் பாருங்கள். மதில்களில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கறை, தோளுயரத்துக்கு மேல் மாற்றிப் பொருத்தப்பட்ட மின் இணைப்புப் பெட்டி, பழைய வீடுகளுக்கு மட்டும் பின்னாளில் உயர்த்திக் கட்டிய வாசற்படி, இவை தரகர் சொல்லாததைச் சொல்லும். மழை பெய்த மறுநாள் காலையில் கட்டாயம் போங்கள். எப்போதும் சொல்வதுதான்: வேலைநாள் காலை ஒருமுறை, இரவு 11 மணிக்கு ஒருமுறை, மழைக்கு மறுநாள் ஒருமுறை. மூன்றும் முடியாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: வீட்டுத் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, கையடக்கக் கருவியில் லிட்டருக்கு 450 மில்லிகிராம் என்று வந்தது. குடிக்கலாமா?

600-க்குள் இருந்தால் சுவைக்குப் பழுதில்லை என்பதோடு அந்த எண்ணின் வேலை முடிந்தது. நைட்ரேட்டோ ஆர்செனிக்கோ கிருமியோ இருப்பதை அந்தக் கையடக்கக் கருவி காட்டாது. ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள்.

கேள்வி: புதிய ரயில் பாதை வரப்போகிறதாம். விலை ஏறுவதற்குள் வாங்கிவிடலாமா?

பாதை வரும் என்ற செய்தி உங்கள் காதுக்கு வருவதற்கு முன்பே விலையில் ஏறிவிட்டது. வரைபடத்தில் உள்ள கோட்டில் ஏறி அலுவலகம் போக முடியாது. இன்று ஓடும் ரயிலையும் பேருந்தையும் மட்டும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: ஒரே வாடகைக்கு இரண்டு வீடுகள். ஒன்று பிரதான சாலையை ஒட்டியது, மற்றொன்று இரண்டு தெரு உள்ளே. எதை எடுப்பது?

உள்ளே இருப்பதை. வெட்டவெளியில் சாலை ஓசை, தூரம் இரட்டிப்பாகும்போது சுமார் 3 டெசிபல்தான் குறையும். ஆனால் நடுவே ஒரு வரிசைக் கட்டடங்கள் நின்றால் அதைவிடப் பெரிய வித்தியாசம் தெரியும். உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்த இரவு நேர வரம்பு 45 டெசிபல். பரபரப்பான சாலையோர வீடு அதற்குள் அடங்குவது அரிது. ஓசை மட்டுமன்று. 1960-களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் ஒன்றுபோன்ற மூன்று தெருக்களை ஆராய்ந்தபோது, நாளுக்கு 2,000 வாகனங்கள் ஓடிய தெருவில் குடியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள்; 16,000 ஓடிய தெருவில் அந்தச் சராசரி ஒன்றுக்கும் குறைவு. புது ஊருக்குப் போகிறவருக்கு அக்கம்பக்கத்தார் முக்கியம். இரவு 11 மணிக்குப் போய்ச் சன்னலைத் திறந்துவைத்து நின்று பாருங்கள்.

கேள்வி: வீடு முதலில் பார்ப்பதா, பள்ளி முதலில் பார்ப்பதா?

பள்ளி. சேர்க்கை உறுதிக் கடிதம் கைக்கு வந்தபின் வாடகை ஒப்பந்தம். "இடம் கிடைத்துவிடும்" என்று வாய்வழியாகச் சொன்னதை நம்பி வீடு எடுத்தவர்களிடமிருந்து இந்த மாதம் மட்டும் இரண்டு கடிதங்கள்.

கேள்வி: கையில் பணம் இருக்கிறது. உடனே வாங்குவதா, வாடகைக்கு இருந்து பார்ப்பதா?

வாடகை, ஓராண்டு. எல்லாப் பருவத்தையும் பார்த்துவிடுவீர்கள்.

கேள்வி: 74 வயதான என் அம்மாவும் எங்களோடு வருகிறார். அவருக்காகத் தனியாக எதையாவது பார்க்க வேண்டுமா?

இப்படி ஒருவராவது கேட்டாரே என்று மகிழ்ச்சி. புது ஊரில் முதியவர் தனியாகப் போய்வரக்கூடிய இடங்கள் எத்தனை என்பதை எண்ணுங்கள்: மருந்துக்கடை, பூங்கா, உட்கார ஒரு பலகை. இவை 400 மீட்டருக்குள் இல்லையென்றால் அவர் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவார். நிழலும் மேடுபள்ளமற்ற நடைபாதையும் அவருக்கு வீட்டின் அறை எண்ணிக்கையைவிட முக்கியம். சாலை கடக்கும் பச்சை விளக்கின் நேரம் பல நாடுகளில் நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்ற கணக்கில் வைக்கப்படுகிறது. அவர் வயதில் பலர் நொடிக்கு 0.9 மீட்டருக்கு மேல் நடப்பதில்லை. 14 மீட்டர் அகலச் சாலைக்கு விளக்கு 12 நொடி தந்தால் அவருக்கு 16 நொடி தேவைப்படும். வீடு பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவரோடு சேர்ந்து, கையைப் பிடித்து இழுக்காமல், அவர் நடையிலேயே ஒருமுறை கடந்து, எத்தனை நொடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பாருங்கள்.