தூண்டிலும் முன்பணமும்: பிரான்ஸ் மீன்பிடி விடுமுறை பற்றிய கேள்விகள்

பிரான்சின் கிராமப்புறங்களுக்கு நன்னீர் மீன்பிடிக்கப் போகிறவர்களிடமிருந்து நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: அக்டோபர் கடைசி வாரப் பள்ளி விடுமுறைக்குக் கிரூஸ் பக்கம் ஒரு கிராமத்து வீடு எடுத்திருக்கிறோம். வீட்டை ஒட்டி டிரவுட் மீன் வாழும் ஓடை. "ஓடை என் நிலத்தில்தான் ஓடுகிறது, அனுமதி அட்டை வேண்டாம்" என்கிறார் வீட்டுக்காரர். பிள்ளைகளுக்கு 8, 14 வயது. அவர் சொல்வது சரியா? (லா கூர்நெவ் வாசகர்)

சரியில்லை. கரை அவருடையதாக இருக்கலாம். அதில் நிற்க அவர் அனுமதி தரலாம். ஆனால் ஓடும் தண்ணீரில் தூண்டில் போட யாராக இருந்தாலும் உள்ளூர் மீன்பிடிச் சங்கத்தின் அட்டை வேண்டும். கார்த் து பெஷ் என்பது அதுதான். வெளி நீரோடு தொடர்பில்லாத தனியார் குளங்களுக்கு மட்டும்தான் அது தேவையில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாள் அட்டை, ஒரு வார அட்டை, ஆண்டு அட்டை எல்லாம் உண்டு. 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 12 முதல் 17 வரை உள்ளவர்களுக்கும் தனித்தனியே மலிவான அட்டைகள் இருக்கின்றன. இணையத்தில் வாங்கலாம், ஊரில் தூண்டில் விற்கும் கடையிலும் கிடைக்கும்.

இது போகட்டும். நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. டிரவுட் வாழும் ஓடைகள் 'முதல் வகை' நீர்நிலைகள். அவை மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை திறந்து, செப்டம்பர் மூன்றாவது ஞாயிறோடு மூடிவிடும். நீங்கள் போவது அக்டோபர் கடைசியில். அட்டை இருந்தாலும் அந்த ஓடையில் தூண்டில் போட முடியாது. வீட்டுக்காரருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்தில் 'இரண்டாம் வகை' ஏரி எங்கே இருக்கிறது என்று சங்கத்தில் விசாரியுங்கள். அங்கே அக்டோபரில் பைக், சாந்தர் மீன்களை எல்லாம் பிடிக்கலாம். ஒரு வார அட்டை வீணாகாது.

கேள்வி: லாட் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு இரவு முழுக்கக் கார்ப் மீன் பிடிக்க ஆசை. அட்டை இருந்தால் போதுமா?

போதாது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி, அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரைதான் பொது நேரம். இரவில் கார்ப் மட்டும், அதுவும் அனுமதித்த பகுதிகளில் மட்டும்.

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து ப்ரென் பகுதியில் ஒரு கார்ப் ஏரியை நவம்பர் முதல் வாரத்துக்குப் பதிவு செய்தோம். மொத்தம் 1,200 யூரோ, 600 கட்டிவிட்டோம். போக 10 நாள் இருக்கும்போது, அந்த வாரம் ஏரியை வடிக்கப் போவதாக உரிமையாளர் எழுதுகிறார். பக்கத்தில் உள்ள சின்னக் குட்டையில் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வாருங்கள் என்கிறார். லீவு எடுத்தாச்சு, படகு டிக்கெட்டும் வாங்கியாச்சு. (குரொய்டன் வாசகர்)

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. ப்ரென் முழுக்கக் குளங்கள். அங்கே இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் மதகைத் திறந்து தண்ணீரை வடித்து, மீனை வலையில் அள்ளி விற்பது தலைமுறை தலைமுறையாக நடக்கிற வேலை. திடீரென்று வந்த வெள்ளமோ புயலோ இல்லை. உங்களிடம் பணம் வாங்கும்போதே அவர் யோசித்திருக்க வேண்டிய விஷயம். சேற்றில் நின்று கொக்கு பார்ப்பதற்கு யாரும் 1,200 யூரோ கொடுப்பதில்லை.

இனி நான் எப்போதும் புலம்பும் விஷயத்துக்கு வருகிறேன். 'டெபாசிட்', 'அட்வான்ஸ்' என்று நாம் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம். பிரெஞ்சுச் சட்டத்தில் முன்பணம் இரண்டு வகை. 'ஆர்' என்று கொடுத்திருந்தால், நீங்கள் பின்வாங்கினால் அந்தப் பணம் போச்சு, அத்தோடு கணக்கு முடிந்தது. தொழில் நடத்துபவர் பின்வாங்கினால் வாங்கியதை இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். 'அகோந்த்' என்று கொடுத்திருந்தால் இரு தரப்பும் கட்டுப்பட்டாயிற்று. நீங்கள் விலகினால் அவர் முழுத் தொகையையும் கேட்கலாம். அவர் விலகினால் உங்களுக்கு நஷ்டஈடு கேட்க உரிமை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, தொழில் நடத்துபவரிடம் வாடிக்கையாளர் முன்கூட்டிக் கொடுத்த பணம் 'ஆர்' என்றே கருதப்படும். நுகர்வோர் சட்டத்தொகுப்பிலேயே இருக்கிறது இது. ஏரி முதலாளிகள் இதை உங்களிடம் சொல்வார்களா? ரசீதில் எந்த வகை என்று எழுதச் சொன்னால் ஏதோ கிட்னியைக் கேட்டதுபோல முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எழுதித் தராதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய தாளில் 'டெபாசிட்' என்று மட்டும்தான் இருக்கிறது, பிரெஞ்சுச் சட்டம் பொருந்தும் என்றும் இருக்கிறது. அவர் பதிவு செய்த தொழில்காரர். ஆகவே 600 இல்லை, அதன் இரட்டிப்பான 1,200 கேளுங்கள். குட்டைக்கும் அடுத்த ஆண்டுக்கும் சம்மதம் இல்லை என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் கடிதம் போகட்டும். மசியவில்லை என்றால் அடுத்தது நுகர்வோர் சமரசர்; பிரான்சில் தொழில் நடத்தும் ஒவ்வொருவரும் தமக்கான சமரசர் யார் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு நிறுவனத்திடமும் 'செக்‌ஷன் 75' கோரிக்கை (விற்றவரோடு கார்டு நிறுவனமும் பொறுப்பு என்னும் பிரிட்டிஷ் சட்டப் பிரிவு) வையுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான விலைக்கு அது செல்லும், வெளிநாட்டில் வாங்கியதற்கும்தான். படகு டிக்கெட் ரசீதையும் கோப்பில் வைத்திருங்கள்.

கேள்வி: இணையத்தில் வீடு பதிவு செய்து 5 நாள்தான் ஆகிறது. மனசு மாறிவிட்டது. ஐரோப்பாவில் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்கிறார்களே?

குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்த தங்குமிடத்துக்கு அந்த உரிமை இல்லை. ஒப்பந்தத்தில் உள்ள ரத்து விதியைப் படியுங்கள். பதிவு செய்வதற்கு முன்பே படித்திருக்கலாம்.

கேள்வி: முதல் முறை போகிறோம். "எல்லாம் அடங்கிய" தூண்டில் செட் ஒன்று 40 யூரோவுக்கு இணையத்தில் இருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். அப்படி ஒன்றை நானும் வாங்கினேன். மடக்கி நீட்டும் தூண்டில், இரண்டு ரீல், பெட்டி நிறைய முள், தக்கை, மீன் கடித்தால் ஒலிக்கும் கருவி. முதல் நல்ல மீன் இழுத்ததும் நுனி வளையம் பசை விட்டு, நரம்போடு சேர்ந்து தண்ணீருக்குள் போய்விட்டது. ஒலிக்கும் கருவி காற்றுக்கெல்லாம் அலறியது; பக்கத்துக் கரைக்காரர் எழுந்து வந்துவிட்டார். அந்தப் பெட்டியில் இன்னும் ஆணிகள் போட்டு வைத்திருக்கிறேன்.

போகிற ஊரில் தூண்டில் கடை இருந்தால் சாதாரண தூண்டில் ஒன்று, ரீல் ஒன்று, கொஞ்சம் முள், மண்புழு ஒரு டப்பா வாங்குங்கள். எது அங்கே எடுபடும் என்று கடைக்காரரே சொல்வார். டிரவுட் ஓடை என்றால் ஈப்புழு வாங்காதீர்கள். முதல் வகை நீர்நிலைகளில் அதை இரையாகப் போடப் பொதுவாகத் தடை. தனியார் கார்ப் ஏரி என்றால் பொருள் வாங்குவதற்கு முன் ஏரி விதிகளைக் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் முள்ளில் எதிர்முனை (மீன் நழுவாமல் பிடிக்கும் பின்னோக்கிய கூர்) இருக்கக் கூடாது, மீனைக் கிடத்த மெத்தை வேண்டும், இரையைத் தங்களிடமே வாங்க வேண்டும் என்பார்கள். அந்த இரையின் விலையையும் கேளுங்கள். வாடகையில் விட்டதை அதில் பிடித்துவிடுவார்கள்.

கேள்வி: தோர்தோஞ் ஆற்றோரம் படகோடு பெரிய வீடு, ஆகஸ்டில் வாரம் 350 யூரோ என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம். வாடகை இணையதளத்தின் கட்டணத்தைத் தவிர்க்கலாம் என்று வேறொரு நாட்டு வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்டார். அனுப்பிவிட்டேன். இப்போது பதில் இல்லை. என்ன செய்வது?

ஆகஸ்டில், தோர்தோஞ்சில், ஆற்றோரம், படகோடு, 350 யூரோவா? அனுப்புவதற்கு முன்பு எழுதியிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். அந்த வீட்டுப் படத்தைத் தேடுபொறியில் போட்டுப் பார்த்தால், வேறு எங்காவது வேறு பெயரில் கிடைக்கிறதா என்று தெரிந்திருக்கும். கிராமத்துச் சுற்றுலா அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தாலும் போதும்.

சரி, ஏமாற்றியவன்தான் குற்றவாளி, நீங்கள் இல்லை. இன்றே வங்கியைக் கூப்பிட்டுப் பணத்தைத் திரும்ப அழைக்கச் சொல்லுங்கள். நாளை என்று தள்ளாதீர்கள். நீங்கள் பிரான்சில் வசிப்பவர் என்றால் இணைய மோசடிகளுக்கான 'தெசே' சேவையில் புகார் பதியலாம். விளம்பரம், செய்திகள், கணக்கு எண் எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள், பக்கம் காணாமல் போவதற்குள்.

கேள்வி: பிடித்த மீனைக் குழம்பு வைக்கலாமா? மாமியார் சட்டி, புளி எல்லாம் எடுத்து வைத்துவிட்டார்.

தனியார் கார்ப் ஏரியில் பெரும்பாலும் திரும்ப விட்டுவிட வேண்டும். பொது நீரில் பிடித்ததை எடுத்துப் போகலாம், ஆனால் அளவு பார்த்து. இரண்டாம் வகை ஏரியில் பைக் குறைந்தது 60 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஒருவருக்கு நாளுக்கு இரண்டுக்கு மேல் கூடாது. இரவில் பிடித்த கார்ப்பை வைத்திருக்கவே கூடாது. 60 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கார்ப்பைப் பகலில் பிடித்திருந்தாலும் உயிரோடு கொண்டுபோவது குற்றம். மாமியாரிடம் சாந்தர் கிடைத்தால் குழம்பு வைக்கலாம் என்று சொல்லிவையுங்கள். முள் குறைவு, சதை வெள்ளையாக இருக்கும். அதற்கும் குறைந்தபட்ச அளவு உண்டு. கடையில் அளவுகோல் வாங்கிக்கொள்ளுங்கள்.