தலைவர உக்கார வச்சு கேள்வி கேக்கலாமா?

கேள்வி: அக்கா, நான் சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கேன், சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். லீவுக்கு போனப்ப பாம்பன்ல கடல் ஓசை எஃப்எம் கேட்டேன், நம்ம மீனவ சனங்களே பேசுறாங்க, மனசு நிறைஞ்சு போச்சு. எங்க ஊருக்கும் ஒண்ணு வேணும்னு இங்க வேலை செய்யுற ஏழெட்டு பேர் காசு போடலாம்னு இருக்கோம். பஞ்சாயத்து தலைவர கூப்பிட்டு சனங்கள கேள்வி கேக்க வைக்கணும். நடக்குமா?
- ஒரு வாசகர்

பதில்: நடக்கும் தம்பி, அவசியம் செய்யுங்க. ஆனா இந்த மாதிரி சமுதாய வானொலிக்கு லைசென்ஸ் தனி ஆளுக்கோ கட்சிக்கோ தரமாட்டாங்க, லாபநோக்கம் இல்லாத பதிவு பண்ணின சங்கமோ காலேஜோதான் கேக்க முடியும், அதனால ஊர்ல ஏற்கெனவே வேலை செய்யுற நல்ல சங்கமா பாத்து அவங்களோட சேருங்க. காசு விஷயத்துல ரொம்ப கவனம். உங்கள்ல இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க தன் சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடைல வராது, சிங்கப்பூர் சிட்டிசன் ஆனவங்க அனுப்பினா வரும், அந்த சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏங்குற வெளிநாட்டு நன்கொடை சட்டப்படி அனுமதி இருந்தாதான் வாங்கலாம்.

சொந்தமா செய்தி வாசிக்க அனுமதி இல்ல, ஆகாசவாணி செய்திய அப்படியே எடுத்து போடலாம். கட்சி அரசியலும் கூடாது. அதனால ஒண்ணும் குறைஞ்சு போகல, தண்ணி, ரோடு, ரேஷன், பிரசவ ஆஸ்பத்திரி இதெல்லாம் ஊர் நலன்தான, தாராளமா பேசலாம்.

இனி உங்க நிகழ்ச்சி. எடுத்த எடுப்புல போன் லைன் திறக்காதீங்க, குரல் பெருத்த நாலு பேரே தினமும் பேசுவாங்க. ஒரு ரெக்கார்டர எடுத்துட்டு காலைல தண்ணிக் குழாய் வரிசைக்கு போங்க, குடத்த இறக்கி வச்சுட்டு பொம்பளைங்க பேசுறத அப்படியே பதிவு பண்ணி, தலைவர ஸ்டுடியோல வச்சு போட்டுக் காட்டி பதில் கேளுங்க. தெலங்கானால ஜஹீராபாத் பக்கம் 2008ல இருந்து சங்கம் ரேடியோவ நடத்துறதே தலித் பெண்கள்தான், மைக் முன்னாடி பெண்கள் வரமாட்டாங்கன்னு யாராச்சும் சொன்னா அத சொல்லுங்க.

இங்க சிங்கப்பூர்ல எம்.பி. தொகுதி மக்களோட குறைய நேர்ல கேக்குற மக்கள் சந்திப்பையே பாருங்களேன், 1955ல டேவிட் மார்ஷல் முதலமைச்சரா இருந்தப்ப தொடங்கின பழக்கம். எங்கம்மாவோட ஒருதரம் போயிருந்தேன், புளோக் கீழ திறந்து கிடக்குற வாய்ட் டெக்ல நம்பர் சீட்டு வாங்கிட்டு பிளாஸ்டிக் நாற்காலில உக்காந்திருந்தோம், எங்கம்மா தமிழ்ல சொல்லச் சொல்ல ஒரு தொண்டூழியர் கேட்டு லெட்டர் டைப் பண்ணி, சரியான்னு படிச்சும் காட்டினார். குறை வாயோட போகாம பேரு தேதியோட தாள்ல ஏறிடுது, அதுதான் அம்மாவுக்கு தெம்பா இருந்துச்சு. உங்க வானொலிக்கும் அப்படி ஒரு நோட்டு வேணும். "பத்து நாள்ல மோட்டார் மாத்துறேன்"னு தலைவர் சொன்னா பதினோராவது நாள் அவர் சொன்னத மறுபடி ஒலிபரப்புங்க, அதே குழாய்ல போய் தண்ணி வருதான்னு கேட்டு அதையும் போடுங்க. வேலைய முடிச்சிருந்தா அதையும் அதே நேரத்துல, அவர் பேர சொல்லி போடணும், இல்லன்னா அடுத்த தடவை கூப்பிட்டா வரமாட்டார்.

அந்த சங்கத்துக்கிட்ட பேசிட்டு எழுதுங்க தம்பி.