குழுவாக நடக்கப் போகும் மகள்

கேள்வி: இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் படிக்கும் என் மகள், ஆகஸ்டில் தோழிகளோடு பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதியில் காடு, மேடு, பழைய கல்குவாரி வழியாக ஒருநாள் முழுக்க நடக்கப் போகிறாளாம். அனுப்பலாமா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா, அதுவும் ஆகஸ்ட் என்றால் மேட்டு நிலம் முழுக்க ஹெதர் செடி ஊதா நிறத்தில் பூத்திருக்கும், தவறவிடக் கூடாத நேரம். ஷெஃபீல்டிலிருந்து ரயிலில் கிரிண்டில்ஃபோர்டில் இறங்கினால் பேட்லி கார்ஜ் என்ற குறுகிய பள்ளத்தாக்கு பக்கத்திலேயே இருக்கிறது, பாசி படர்ந்த பாறைகளுக்கு நடுவே ஓடை, இருபுறமும் ஓக் மரங்கள். அதற்கு மேலே போல்ஹில் குவாரி. டெர்வென்ட், ஹவுடன் அணைகளுக்கு (1901 முதல் 1916 வரை கட்டியவை) கல் போனது இங்கிருந்துதான். இப்போது அங்கே பிர்ச் மரங்கள் வளர்ந்துவிட்டன. அந்த வட்டாரத்தில், செதுக்கி முடித்தும் வாங்க ஆளில்லாமல் போன வட்டமான ஆலை அரவைக் கற்கள் புல்லுக்குள் அப்படியே கிடக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது கொத்திய கைகளை நினைக்காமல் இருக்க முடியாது.

அப்புறம் ஒன்று. இந்த மேடுகள் ஒருகாலத்தில் நிலப்பிரபுக்களின் வேட்டைக்காடு, சாதாரண ஜனங்கள் உள்ளே கால் வைக்க முடியாது. 1932 ஏப்ரல் 24-ல் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் இங்கே நடக்கும் உரிமை கேட்டு, பீக் டிஸ்ட்ரிக்டின் கின்டர் ஸ்கவுட் மேட்டில் அத்துமீறி ஏறினார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். திறந்தவெளியில் நடக்கும் உரிமை சட்டமானது 2000-ல். இதை மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

குவாரி விளிம்புக்குப் போகவேண்டாம், அங்கே செங்குத்தான பாறை. மழைக்கோட்டும் கணுக்காலைப் பிடிக்கும் ஷூவும் வேண்டும், கோடையிலும் மேட்டில் திடீரென்று மூடுபனி இறங்கும். போன் சிக்னலை நம்பாமல் காகித வரைபடம் ஒன்று கையில் இருக்கட்டும்.