எதிர்த்த தாமான்ல டிங்கி வந்துருச்சு, நம்ம வீட்ல என்ன பண்ணி வைக்கணும்?

கேள்வி: அண்ணே, நாங்க கெடா பாடாங் செராய் பக்கம் ஒரு பழைய தோட்டத்து லயத்துல இருக்கோம். எதிர்த்த தாமான்ல (குடியிருப்புல) போன வாரம் கொசுப்புகை அடிச்சாங்க, நாலு வீட்ல டிங்கி (டெங்கு) காய்ச்சலாம். இங்க தண்ணி அடிக்கடி நின்னு போறதால மூணு டிரம்ல எப்பவும் பிடிச்சு வெச்சிருப்போம். வீட்ல 1 வயசு பாப்பா, 4 வயசுப் பையன், மாமியாருக்கு 68 வயசு, இருதயத்துக்கு தினமும் ஆஸ்பிரின் சாப்பிடறாங்க. வீட்டுக்காரர் ரெண்டு நாளா லோங்காங் (சாக்கடை) சுத்தம் பண்றாரு. அவருக்கு 2015-ல ஒருதடவை டிங்கி வந்துருச்சு, இனிமே தனக்கு வராதுங்கறாரு. என்னென்ன வாங்கி வைக்கணும்? பப்பாளி இலை இப்பவே குடிக்கலாமா? அடுத்த வாரம் நாத்தனார் பிள்ளைக்கு காது குத்து, போகலாமா? ராத்திரி தூக்கமே வரல.

பதில்:

தங்கச்சி, 30 வருஷத்துக்கு மேல தோட்டத்து டிரெசராவும் (மருத்துவ உதவியாளர்) அப்புறம் அரசாங்க கிளினிக்லயும் வேலை பார்த்தவன் நான், நீங்க எழுதினதுல எனக்கு முதல்ல கண்ணுல பட்டது அந்த மூணு டிரம்மும் உங்க வீட்டுக்காரர் லோங்காங்ல நிக்கறதும்தான். அவரைத் தப்பு சொல்லல, நம்ம தாத்தா காலத்துலேருந்து தோட்டத்துல கொசுன்னா சாக்கடை, ஓடை, அதுல எண்ணெய் அடிக்கிறதுன்னுதான் பழக்கம், 1901-ல கிள்ளான்ல டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடிய வெச்சு மலேரியாவை அடக்கினதுலேருந்து வந்த பழக்கம் அது. ஆனா அது வேற கொசு. டிங்கி பரப்புற ஏடிஸுக்கு ஓடற சாக்கடை பிடிக்காது, அது தேடறது வீட்டுக்குள்ளயும் வீட்டைச் சுத்தியும் தேங்கி நிக்கிற தெளிஞ்ச தண்ணி. அவர் லோங்காங்ல போட்ட ரெண்டு நாள்ல ஒரு மணி நேரம் அந்த டிரம் பக்கம் வந்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

முட்டை போட்டு அது ஜெந்திக்-ஜெந்திக் புழுவாகி கொசுவா பறக்க 7-லேருந்து 10 நாள்தான் ஆகும், அதனால வாரத்துக்கு ஒருதடவை, ஞாயித்துக்கிழமை பசியாறிட்டு அரை மணி நேரம் தேங்கின தண்ணியைத் தேடிக் கொட்டிக் கழுவறதுன்னு வெச்சுக்குங்க, வாரம் தவறக்கூடாது. இன்னொண்ணு, தண்ணிய கொட்டிட்டா முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க, அது முட்டையை தண்ணிக்குள்ள போடறதில்ல, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல உள்சுவர்ல ஒட்டி வைக்குது, காஞ்சு போனாலும் மாசக்கணக்கா உயிரோட கிடக்கும், திரும்ப தண்ணி ஏறினதும் பொரிச்சிடும். அதனால டிரம் காலியாகறப்ப உள்பக்கத்தை பிரஷ் போட்டு அழுத்தித் தேய்ச்சுக் கழுவணும். தண்ணி நிக்கிற ஊர்ல டிரம் வைக்காதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. பழைய கொசுவலைத் துணிய வாய்ல இழுத்துப் போட்டு, மோட்டாரோட பழைய டியூப வளையமா வெட்டி இறுக்கி மாட்டிடுங்க, விரல் நுழையற இடுக்குகூட இருக்கக்கூடாது. பலகையை மேல சும்மா வெச்சா பத்தாது. குளிக்க, கழுவற தண்ணில சுகாதார இலாகா குடுக்கிற அபேட் மருந்து போடலாம், 10 லிட்டருக்கு 1 கிராம்னு கணக்கு, பாக்கெட்ல போட்டிருக்கிறதைப் பார்த்து போடுங்க.

அப்புறம் வீட்டுக்குள்ளயும் சுத்தியும் தண்ணி தேங்கற இடங்களைப் பாருங்க. ஐஸ்பெட்டிக்குப் பின்னாடி அடியில இருக்கிற தட்டு, தட்டு அடுக்குற ஸ்டாண்டுக்குக் கீழ உள்ள தட்டு, சாப்பாட்டு அலமாரி கால்ல எறும்புக்கு வெச்ச கிண்ணம் (உப்பு கொஞ்சம் போடுங்க), துளசித் தொட்டிக்கு அடித்தட்டு, சாமி மேடையில நாள்பட்டு நிக்கிற செம்புத் தண்ணி, கூரைத் தகரத்துல இலை அடைச்ச தூம்பு. லயத்துக்குப் பின்னாடி இருக்கிற கோயில்ல அகல் விளக்கு, உடைச்ச தேங்கா சிரட்டை எல்லாம் மழையில நிறைஞ்சு கிடக்கும், அதை யாரும் தன் வேலையா நினைக்கிறதில்ல. தோட்டத்துக்கு ரொம்ப முக்கியமான ஒண்ணு, பால் வெட்டறதை நிறுத்திட்ட கித்தா (ரப்பர்) மரத்துல பால் பிடிக்கிற மங்கு அப்படியே வாய் மேல பார்த்துத் தொங்கும், மழைக்கப்புறம் ஒவ்வொரு மங்கும் ஒரு சின்னக் குளம். ஏடிஸ்ல ரெண்டு வகை, வீட்டுக்குள்ள இருக்கிறது ஒண்ணு, வெளிய மரம் செடி பக்கம் இருக்கிறது ஒண்ணு, அந்த வெளி வகைக்கு மங்கு, டயர், வெட்டின மூங்கில் கட்டை, சேம்பு வாழை இலை அக்குள் எல்லாமே போதும். தண்டல்கிட்ட (தோட்டத்து மேற்பார்வையாளர்) சொல்லி அந்த வரிசையில இருக்கிற மங்கை எல்லாம் கவுத்து வைக்கச் சொல்லுங்க, உங்க வீட்டுக்காரருக்கு அந்த வேலைய குடுங்க. வீட்ல புழு இருந்தா நோய் பரப்புற பூச்சிகளை ஒழிக்கிற 1975-ம் வருஷச் சட்டப்படி 500 வெள்ளி வரைக்கும் கொம்பவுண்ட் (அபராதம்) போடலாம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதுக்குப் பயந்து செய்ய வேணாம், பாப்பாவுக்காக செய்யுங்க.

புகை அடிக்க வர்றப்ப கதவு ஜன்னலை மூடறாங்க பாருங்க, அது தப்பு. திறந்து விடணும், சாப்பாடு தண்ணிய மூடி வெச்சிட்டு பிள்ளைங்களை கூட்டிக்கிட்டு புகை அடங்கறவரைக்கும் வெளிய இருக்கணும். அந்தப் புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், முட்டைக்கும் புழுவுக்கும் ஒண்ணும் ஆகாது, அதனால எதிர்ப்பக்கம் புகை அடிச்சாச்சுன்னு நிம்மதியா இருக்காதீங்க. ஏடிஸ் கடிக்கிறது பகல்ல, விடிஞ்ச உடனே, அப்புறம் பொழுது சாயறப்ப. ஆகவே ராத்திரிக்கு மட்டும் வலை கட்டினா பத்தாது, பாப்பா பகல்ல ஏணைல தூங்கறப்பதான் வலை முக்கியம், ஏணையை முழுசா மூடற மாதிரி போடுங்க. செராய் (எலுமிச்சம்புல்) எண்ணெய் பூசறீங்கன்னா அது சீக்கிரம் ஆவியாயிரும், ஒரு மணி ரெண்டு மணிக்கு ஒருதடவை பூசணும், அதைவிட ஃபார்மசில டீட்ங்கிற கொசு விரட்டி மருந்து இருக்கிற லோஷன் நல்லா வேலை செய்யும், 2 மாசத்துக்கு உள்ள பச்சப்பிள்ளைக்கு மட்டும் கூடாது, பாப்பா கையில பூசாதீங்க, வாயில வெச்சுக்கும்.

வாங்க வேண்டியது ரொம்பக் கம்மி, கடைக்கு ஓட வேண்டாம். நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு, பனடோல்ங்கிற பாராசிட்டமால் (பெரியவங்களுக்கு மாத்திரை, பிள்ளைக்கு எடைக்குத் தகுந்த சிரப்), ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து, ஏணை வலை. அவ்வளவுதான். காய்ச்சல் வந்தா பெரியவங்க பனடோல் 500 மில்லிகிராம் மாத்திரை ரெண்டு, 6 மணி நேரத்துக்கு ஒருதடவை, ஒரு நாளைக்கு 8-க்கு மேல போகக்கூடாது, சளி மாத்திரைலயும் அதே மருந்து இருக்கும், ரெண்டையும் சேர்த்து கணக்கு பண்ணணும். போன்ஸ்டன், வோல்டாரென், புரூஃபென், ஆஸ்பிரின், இந்த வலி மாத்திரையெல்லாம் டிங்கி இல்லன்னு தெரியறவரைக்கும் தொடாதீங்க, ரத்தக்கசிவை அதிகமாக்கிடும். மாமியாரோட ஆஸ்பிரின் இருதயத்துக்குக் குடுத்தது, இப்போதைக்கு அவங்களா நிறுத்தக்கூடாது, ஆனா காய்ச்சல்னு வந்தா காத்திருக்காம முதல் நாளே கிளினிக்குக்கு கூட்டிக்கிட்டுப் போய் "இவங்க ஆஸ்பிரின் சாப்பிடறாங்க"ன்னு முதல்ல அதைச் சொல்லுங்க, நிறுத்தறதா வேணாமான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும். கிளினிக் கெசிஹாத்தான்ல குடிமக்களுக்கு 1 வெள்ளிதான், கஷ்டம்னு தள்ளிப் போடாதீங்க. தனியார் கிளினிக்ல "சீக்கிரம் சரியாக ஊசி போடுங்க டாக்டர்"னு நாமளா கேட்கிற பழக்கம் இருக்கு பாருங்க, அதை விட்டுடுங்க, சதையில போடற ஊசி டிங்கில நல்லதில்ல.

இப்ப கவனமாப் படிங்க. டிங்கில ஆளை எடுக்கிறது காய்ச்சல் இல்ல. காய்ச்சல் வந்த நாளை 1-ம் நாள்னு சுவத்துல காலண்டர்ல எழுதி வைங்க. முதல் மூணு நாலு நாள் காய்ச்சல், உடம்பு வலி, கண்ணுக்குப் பின்னாடி வலி. பிறகு 3-லேருந்து 7-ம் நாளுக்குள்ள காய்ச்சல் படக்குனு இறங்கும், எல்லாரும் "அப்பாடா"ன்னு உட்கார்றோம், அங்கதான் ரத்தக் குழாயிலேருந்து நீர் வெளிய கசிய ஆரம்பிக்கும், அந்த 24-லேருந்து 48 மணி நேரம்தான் ஆபத்து. நான் பார்த்த ஒரு பையன், 19 வயசு, காய்ச்சல் விட்டு குளிச்சு கோழி சூப் குடிச்சுட்டுப் படுத்தான், வயிறு வலிக்குதுன்னு சொன்னதை வாயுன்னு விட்டுட்டாங்க, விடியக்காலைல கையெல்லாம் சில்லுனு இருக்குன்னு தூக்கிக்கிட்டு வந்தாங்க. அவனைக் காப்பாத்த முடியல. அந்த அம்மாவோட முகம் எனக்கு இன்னைக்கும் மறக்கல தங்கச்சி. அதனால காய்ச்சல் இருக்கிறப்பவோ, முக்கியமா அது விட்ட பிறகோ வயித்து வலி நிக்காம இருந்தா, ஒரு நாள்ல மூணு தடவையோ அதுக்கு மேலயோ வாந்தி வந்தா, பல் ஈறு மூக்குல ரத்தம், மலம் கறுப்பா போனா, ஆள் சோர்ந்து விழுந்தா இல்ல ஒரே நிலைகொள்ளாம இருந்தா, கை கால் சில்லுன்னு இருந்தா, 6 மணி நேரமா ஒண்ணுக்குப் போகலன்னா, நேரா ஆஸ்பத்திரிக்கு, கூலிமோ சுங்கை பட்டாணியோ எது பக்கமோ அங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு யார் காடி கிடைக்கும்னு இன்னைக்கே பேசி வைங்க, ஐ.சி.யும் (அடையாள அட்டை) பிள்ளைங்க மருத்துவப் புத்தகமும் ஒரே கவர்ல, எதுவும் கிடைக்கலன்னா 999.

காலண்டர்ல நாளோட சேர்த்து காலை மாலை காய்ச்சல் அளவு, எத்தனை கிளாஸ் குடிச்சாங்க, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனாங்கன்னு எழுதுங்க, டாக்டருக்கு அது பாதி வேலைய முடிச்சு வைக்கும். பெரியவங்களுக்கு 5 கிளாசுக்கு மேல, வெறும் தண்ணி இல்ல, கஞ்சித் தண்ணி, பார்லி, இளநீர், ஓ.ஆர்.எஸ்., 100 பிளஸ். சிவப்பு சிரப், ரிபேனா வேணாம், வாந்தில ரத்தமா கலரான்னு தெரியாது. என்.எஸ்.1ங்கிற டிங்கி ரத்த டெஸ்ட் முதல் சில நாள்லயே சொல்லிடும், ஆனா இல்லன்னு வந்தாலும் காய்ச்சல் இருந்தா டாக்டர் சொல்ற நாள்ல திரும்பப் போய் ரத்தம் பாருங்க.

பப்பாளி இலை. நம்ம மலேசியாவுலயே 2013-ல வெளியான ஒரு ஆய்வுல அந்தச் சாறு ரத்தத் தட்டணுவை ஏத்துதுன்னு பார்த்திருக்காங்க, அதைப் பொய்னு நான் சொல்லமாட்டேன். ஆனா சாவுக்குக் காரணம் பெரும்பாலும் தட்டணு இல்ல, நான் மேல சொன்ன அந்தக் கசிவு, அதை இலை தடுக்காது. நல்லா இருக்கிறவங்க முன்கூட்டிக் குடிச்சா டிங்கி வராமப் போகாது, வாந்தி எடுக்கிற ஆளுக்கு அந்தக் கசப்பு இன்னும் வாந்திதான்.

வீட்டுக்காரர்கிட்ட இதைப் படிச்சுக் காட்டுங்க: டிங்கி கிருமியில 4 வகை, 2015-ல வந்த வகைக்குத்தான் அவர் உடம்பு பழகியிருக்கு, வேற வகை ரெண்டாவது தடவை வந்தா முதல் தடவையைவிட மோசமாக வாய்ப்பு அதிகம். உங்க வீட்ல அவர்தான் அதிக ஜாக்கிரதையா இருக்கணும். டிங்கிக்குத் தடுப்பூசி இருக்கு, 4 வயசுலேருந்து போடலாம், 3 மாச இடைவெளில ரெண்டு ஊசி, தனியார் கிளினிக்ல பணம் குடுத்துத்தான் போடணும், இந்த ஒரு வாரத்துக்கு உதவாது, ஆனா பேசி வைக்கலாம்.

காது குத்துக்குத் தாராளமா போங்க. டிங்கி தொட்டாலோ இருமினாலோ ஒட்டாது. ஆனா ஒருத்தருக்குக் காய்ச்சல் இருந்தா அவர் பகல்லயும் வலைக்குள்ள இருக்கணும், அவரைக் கடிச்ச கொசு கொஞ்ச நாள்ல அடுத்தவங்களைக் கடிக்கிறதுதான் பரவறதே, அதனால யாருக்காவது உடம்பு சுட்டா அன்னைக்குப் போகாம இருந்துக்குங்க. ரெண்டு மூணு நாள் தங்கப் போறீங்கன்னா கிளம்பறதுக்கு முன்ன டிரம் மேல டியூப் இறுக்கமா இருக்கான்னு பார்த்து, ஐஸ்பெட்டித் தட்டைக் கொட்டித் தொடச்சு, கழிவறையில இருக்கிற வாளியைக் கவுத்து வெச்சிட்டுப் போங்க.